தொடப்போறேன்

என் மனைவி குழந்தையைச் சொல்லாமல் தொடமாட்டாள். "தூக்கப்போறேன்டி தங்கம்" என்பாள். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பாள். அப்புறம்தான் தூக்குவாள். மூக்கைத் துடைப்பதற்குக்கூட முன்னறிவிப்பு உண்டு. முடிந்ததும், "ஆச்சு, அவ்ளோதான்."

அவள் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "தலையே இன்னும் நிக்கல, அதுகிட்ட அனுமதி கேக்குறா பாரு! அதுக்கு என்னடி புரியும்?"

"புரியாட்டி போகுது. திடுக்குனு இருக்காதுல்லக்கா."

மகளுக்கு மூன்று வயது நிறையுமுன் ஒரு காய்ச்சல் என் மனைவியைக் கொண்டுபோய்விட்டது.

மகள் அம்மாவின் படத்தைத் தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து வளர்ந்தாள். "குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டாள். பேசிக் காட்டினேன். "போங்கப்பா, இது உங்க குரல். எனக்கு அம்மாகிட்டேருந்து ஒண்ணுமே வரல. மூக்குகூட உங்களோடதுதான்" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அப்போது நானே மறந்திருந்தேன்.

இப்போது அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். சர்க்கரை பார்க்கப் போன மாதம் வெறும் வயிற்றோடு அங்கே போனேன். எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், மீசை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கையத் தொடப்போறேன்." ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். "பஞ்சு வெக்கப்போறேன், சில்லுனு இருக்கும்."

"ஊசிய மட்டும் சொல்லாம குத்திடும்மா, புண்ணியமாப் போகும்."

"சொல்லாம எப்படிண்ணே?" குத்தி எடுத்தாள். "ஆச்சு, அவ்ளோதான்."

மறந்திருந்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

என் முறை வந்தது. "யாரும்மா இப்படிச் சொல்லக் கத்துக்குடுத்தா?"

"யாருமில்லப்பா. சொல்லாம தொட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. கூட்டம் நிக்குது, கதை பேசறியான்னு மேடம் திட்டுவாங்க."

சொன்னேன். அக்காவின் சிரிப்புவரை எல்லாவற்றையும்.

கையுறை போட்டிருந்ததால் கண்ணைத் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். "அந்த 'ஆச்சு' கூடவா?"

"அதேதான்."

"அப்போ எனக்கும் ஏதோ குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க."

வெளியே யாரோ இருமினார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தொடப்போறேன்."

காத்திருந்தாள். அந்த ஒரு மூச்சு நேரம் முடியாமலே இருந்திருக்கலாம். முடிந்தது. பஞ்சை அழுத்தி, "ஆச்சு, அவ்ளோதான்" என்றாள்.

நான் மற்றக் கையையும் நீட்டினேன்.