ஏழாம் நம்பர் தகடு

செம்பாறை ஏரியில யாரோ மோட்டார் படகு ஓட்டுறாங்கன்னு பூங்கா காவலர் கார்னெட் வந்து சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அந்த ஏரிக்கு இந்த வருஷம் அனுமதியே கிடையாது. துடுப்புப் படகு மட்டும்தான்.

"காதுல விழுந்ததை வெச்சுச் சொல்லல, ஆம்ப்ரோஸ். பைனாகுலர்ல பார்த்தேன். ஆள் தெரியல, தகடு மட்டும் தெரிஞ்சுது. நம்பர் ஏழு"ன்னார்.

என் சிரிப்பு அங்கேயே நின்னுபோச்சு.

இந்தப் பூங்காவுக்குள்ள படகுல மோட்டார் வைக்க எங்க அனிஷினாபே பூர்வகுடி வழிகாட்டிகளுக்கு மட்டும்தான் உரிமை. சும்மா கிடைச்சதில்ல அது. எத்தனை வருஷம் அரசாங்கத்தோட கூட்டத்துல உட்கார்ந்து சண்டை போட்டு வாங்கினது! மொத்தம் பத்து மோட்டார், அதுல மாட்ட நம்பர் போட்ட பத்து அனுமதித் தகடு. எந்தெந்த ஏரின்னு வருஷா வருஷம் மாத்தி மாத்தித் தருவாங்க. தகடு இல்லாமயோ, திறக்காத ஏரியிலயோ ஒரு மோட்டார் இறங்கினாலும் பத்துப் பேர் பொழப்பும் போச்சு. ஏழாம் நம்பர் எங்க டெல்பர்ட்டோடது. டெல்பர்ட் அதே ஏரியில மூழ்கி மூணு வருஷம் ஆகுது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும். இல்லன்னா எல்லாத் தகட்டையும் வாங்கிடச் சொல்லி மேல இருந்து உத்தரவு. எனக்கும் இதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல"ன்னுட்டு கார்னெட் போயிட்டார்.

டெல்பர்ட் என் தங்கச்சி யூலாலி புருஷன். எங்க ஆளுங்கள்ல மச்சான் மாப்பிள்ளைன்னா ஒருத்தரை ஒருத்தர் வம்பிழுத்துக்கிட்டே இருக்கணும். இழுக்கலைன்னா ஏதோ மனஸ்தாபம்னு ஊரே பேசும். என்ன செஞ்சாலும் கோபம் மட்டும் வரக் கூடாது, அது முறை. அவன் என் பூட்ஸுக்குள்ள மீன் குடலைப் போடுவான். நான் அவன் காபியில உப்பைக் கொட்டுவேன். த்தூன்னு துப்பிட்டு, "இரு மச்சான், உனக்கு ஒரு நாள் வெச்சிருக்கேன்"னு சிரிப்பான்.

அன்னைக்கும் அப்படித்தான். அந்த வருஷம் செம்பாறை ஏரி மோட்டாருக்குத் திறந்திருந்துச்சு. காலையில அவன் மோட்டார்ல மாட்டியிருந்த தகட்டைக் கழட்டி என் காபி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். எதிர்க்கரையில இறங்கினதும் காபி போட அவன்தான் டப்பாவைத் திறப்பான், உள்ள தகடு இருக்கும், ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் என் புத்தி.

தகடு இல்லன்னதும் அவன் மோட்டாரைக் கரையில இறக்கி வெச்சிட்டான். நம்மால எல்லாருக்கும் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு மீன் பிடிக்க வந்திருந்த விருந்தாளிங்க ரெண்டு பேரையும் துடுப்புப் படகுல ஏத்தினான்.

"நீ மெதுவா வாடா மாப்ளே! நான் முன்னாடி போய் காபி போட்டு வைக்கிறேன்!"னு கத்திட்டு நான் மோட்டாரை முடுக்கினேன்.

மதியம் மேற்கேருந்து காத்து வந்துச்சு. விருந்தாளிங்க கவுந்த படகைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சாங்க. அவன் வழக்கம்போல லைஃப் ஜாக்கெட்டைக் கால்மாட்டுல போட்டு வெச்சிருந்தான், மடையன். எங்க ஏரித் தண்ணி ரொம்பச் சில்லு. உள்ள போனவங்களை மேல விடாது.

தகட்டைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடல.

கார்னெட் போனதும் பரண்ல இருந்த காபி டப்பாவை இறக்கினேன். மூணு வருஷமா மூடியைச் சுத்தி டேப் ஒட்டி வெச்சது, ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள தகடு ஈரமா இருந்துச்சு. ஓரத்துல பச்சைப் பாசி, இப்பத்தான் பறிச்ச மாதிரி.

தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். டெல்பர்ட் மோட்டார் அவ கொட்டகையில தார்ப்பாய் மூடிக் கிடக்குது. கைய வெச்சேன். சுட்டுச்சு.

அடுத்த நாள் மதியம் செம்பாறை ஏரிக்கரையில போய் உட்கார்ந்தேன். காத்தே இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. முதல்ல மூணு இருமல், அப்புறம் பிடிச்சுக்கிச்சு. டெல்பர்ட் மோட்டாருக்குத்தான் கிளம்புறப்ப அப்படி இருமல். சத்தம் தீவைச் சுத்தி வந்துச்சு. எங்க முன்னோர் சிவப்புச் சித்திரம் வரைஞ்ச பாறை வந்ததும் நின்னுபோச்சு. அங்க மோட்டாரை அணைச்சுட்டு ஒரு சிட்டிகை புகையிலையைக் காணிக்கையா தண்ணியில போட்டுட்டுத்தான் நாங்க தாண்டுவோம். புகையிலை போடுற நேரம் கழிச்சு மறுபடியும் மூணு இருமல். படகு எதுவும் இல்ல. அலை மட்டும் ரெண்டா பிரிஞ்சு வந்து என் கால்ல மோதிச்சு.

வெள்ளிக்கிழமை காலையில கார்னெட்டை யூலாலி வீட்டுக்கே வரச் சொன்னேன். சொன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லணும், ஒரு தடவைதான் சொல்ல முடியும். தகட்டை மேஜை மேல வெச்சேன்.

"அன்னைக்கு இதை எடுத்தது நான்தான். விளையாட்டுக்கு எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் என்கிட்டதான் இருக்கு. வேற எவன் மேலயும் தப்பு இல்ல."

கார்னெட் பெருமூச்சு விட்டார். செம்பாறை ஏரியில ஓட்டினதும் நான்தான்னு எழுதிக்கிட்டார். நான் மறுக்கல. மத்த ஒன்பது தகட்டுக்கும் ஆபத்து இல்ல, ஆனா நீ இனி ஆயுசுக்கும் மோட்டாரைத் தொடக் கூடாதுன்னார். சரின்னேன்.

யூலாலி தகட்டைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அவர் மூழ்கினதுக்கு முதல் நாள் மோட்டாரை நான்தான் கழுவினேன்"னா. "அதுல தகடு விழுந்துடுச்சுன்னு நினைச்சேன் அண்ணே. படித்துறைச் சேத்துல நான் கையை விட்டுத் தேடாத நாளு இல்ல. என் அஜாக்கிரதைதான் அவரைக் கொன்னுச்சுன்னு..."

அவ முடிக்கல. ஓங்கி ஒரு அறை விட்டா. அப்புறம் அந்தக் கையாலேயே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் செத்திருக்கலாம்னு இருந்துச்சு எனக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு புருஷன் பொண்டாட்டியைத் துடுப்புப் படகுல செம்பாறை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பாறைகிட்ட புகையிலை போட்டேன். தோள்பட்டை விட்டுப்போச்சு, கிழட்டு உடம்பு. பாதி ஏரி தாண்டினப்ப மேற்குல கறுத்துக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு வந்த அதே மூலையில. திரும்பினாலும் தூரம், போனாலும் தூரம்.

அப்ப பின்னாடி மூணு இருமல் கேட்டுச்சு.

"இங்க மோட்டார் கூடாதுன்னு சொன்னாங்களே?"ன்னு அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்க. "சத்தம் கேக்குது, படகைக் காணோமே! யாருங்க அது?"

"என் தங்கச்சி புருஷன்"னேன். வேற என்னத்தைச் சொல்றது?

கால்மாட்டுல கிடந்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். சத்தம் படகை ஒட்டி வந்து, எங்களோட சேர்ந்து மெதுவா ஓடிச்சு. பெட்ரோல் வாசனை மூக்குல ஏறிச்சு. அப்புறம் காதுகிட்ட, மூணு வருஷமா கேக்காத அந்தக் குரல்:

"நீ மெதுவா வா மச்சான். நான் முன்னாடி போய் காபி போட்டு வைக்கிறேன்."

மோட்டார் உறுமிக்கிட்டு எங்களைத் தாண்டிச்சு. அது கிளப்பின அலை எங்க படகைத் தூக்கி முன்னாடி தள்ளிச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு, கரை வரைக்கும் விடவே இல்ல. நாங்க படகை மேல இழுத்துப் போடவும் காத்து ஏரியைப் புரட்டிப் போடவும் சரியா இருந்துச்சு.

நாங்க எப்பவும் இறங்குற இடத்துல, பாறை மறைவுல அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கெட்டில்ல காபி கொதிச்சுது. சுத்திலும் மணல்ல ஒரு காலடி கிடையாது. பக்கத்துல ஒரே ஒரு தகரக் குவளை.

விருந்தாளிங்க கிட்ட வரல, தூரமாவே நின்னாங்க. நான் ஊத்தி ஒரு வாய் குடிச்சேன்.

வாயெல்லாம் உப்பு.

"அட படுபாவி மாப்ளே!"ன்னு கத்தினேன். சிரிப்பு வந்துச்சு, அழுகையும் கூடவே வந்துச்சு. ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன்.