மேட்டில் ஒரு பிடி சோறு

பெரிதாக ஒன்றும் எண்ணிக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா, அது வெறும் மணல்மேடு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், கடலைப் பார்த்தபடி மணல் மூடிக் கிடக்கும் இடிந்த கோட்டை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் இரண்டு அங்கே பீரங்கியால் அடித்துக்கொண்டபோது, கப்பலுக்கும் கரைக்கும் படகு வலித்த குப்பத்து ஆட்களும் செத்தார்கள். அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் படகு இறங்கும் நாளில் மேட்டில் ஒரு பிடி சோறு வைப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு.

மேட்டை ஒட்டி யோகேஸ்வரியின் புது வீடு ஜன்னல் உயரம் எழும்பியிருந்தபோது, பக்கத்து ரிசார்ட்டின் ஜேசிபி வந்தது. கூட வந்த ரிசார்ட் மேஸ்திரி ஞானதாஸ் சிரித்தான்.

"மேட்டத் தட்டிட்டா ரூமுலேர்ந்தே கடல் தெரியும்க்கா."

"செத்தவங்க கீற எடம்பா."

"இங்க கோட்ட கீதுன்னு தொல்லியல்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவும்? மகாபலிபுரத்துல பாக்கல? சுத்தி ஒரு செங்கல் வெக்க வுட மாட்டான். மொதல்ல உன் வூட்டு வேலதான் நின்னுடும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் கடல் ஒதுக்கிய பீரங்கிக் குண்டுகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, குப்பமே வாயை மூடியிருந்தது.

புருஷன் தேவேந்திரன் முணுமுணுத்தான். "வுடு யோகு. மழைக்கு முன்னாடி தளம் போடணும். செத்தவனா வந்து போடப் போறான்?"

"தளத்த நீ போடு. சோத்த நான் எங்க போட்றது? கடலுக்குப் போன உன் அண்ணன் கெடைக்கவேயில்ல. அவருக்கும் இங்கதான வெக்கிறோம்?"

யோகேஸ்வரி கதவடிக் குண்டைப் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கி வந்து ஜேசிபி முன்னால் வைத்தாள். அங்கேயே நின்று தொல்லியல் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"சார், இங்க பழைய கோட்ட கீது. வூட்டுக்கு வூடு பீரங்கிக் குண்டு கீது. இடிக்க வந்துகீறாங்க, சீக்கிரம் வாங்க."

"உன் வூட்டுக்கு நீயே ஆப்பு வெச்சிகினியே!" என்றான் ஞானதாஸ்.

"என் வூடுதான? உனக்கின்னா பேஜாரு?"

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவும் ஒரு குண்டோடு வந்தாள். "எனுது இத்தவிடப் பெருசுடி!"

ஜேசிபி திரும்பிப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், பலகை நட்டார்கள். யோகேஸ்வரியின் வீடு ஜன்னலோடு நின்றது, மேலே நீலத் தார்ப்பாய். ஆனால் மேட்டைச் சுற்றி வேலி போட்டு, கேட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

முதல் படகு இறங்கிய காலையில் பூட்டு மணலில் கிடந்தது. மேட்டில் சோறு இருந்தது.

"யார் உடைச்சது?" என்று அதட்டினார் அதிகாரி.

"நான்தான் சார். யோகேஸ்வரி. எழுதிக்கோங்க. அவங்க பேருதான் எங்கயும் இல்ல, என் பேராவது இருக்கட்டும்."