ரஸூலின் கோவேறு கழுதை

சாலாருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்து அன்றைக்கு மூன்றாம் நாள். காயம் நாற ஆரம்பித்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஈரான் கிராமம் ஒன்றில் மருத்துவர் இருந்தார். எங்கள் குகையிலிருந்து ஐந்து மணி நேர நடை. எங்கள் போராளிக் குழுவில் மிஞ்சியிருந்த ஆறு பேரில் நடக்கக்கூடியவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்குப் பனியில் கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன. சாலாரும் நானும் பதினோரு வருஷம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். அவனை எப்படிச் சாகவிடுவேன்?

கடத்தல்காரன் ரஸூல் தன் கோவேறு கழுதையைக் கொடுத்தான். டீத்தூள் மூட்டையோடு, ஆளில்லாமலே மலை தாண்டிப் போய்வரும் கழுதை அது. பிடிபட்டால் சரக்குதான் போகும், ஆள் தப்பிப்பான். எங்கள் பக்கம் கடத்தல்காரர்கள் எல்லோரும் கழுதைகளை அப்படித்தான் பழக்கினார்கள்.

"நீ அதுகூட நடக்காதே தம்பி. துப்பாக்கிக்காரனைப் பார்த்தா ராணுவம் சுடும். வெறும் கழுதையை எவன் சட்டை பண்ணுவான்? நீ மேல் சரிவுல வா. அதை அதும்பாட்டுக்கு விட்டுடு, போய்ச் சேர்ந்துடும்" என்றான்.

சாலாரைக் கம்பளியில் சுற்றி, இரண்டு மூட்டைகளுக்கு நடுவே கட்டினோம்.

"டேய், டீத்தூள்னு என் மேல எழுதி ஒட்டுடா. எடை குறைஞ்சா வியாபாரி சண்டைக்கு வருவான்."

"வாயை மூடுடா. சிரிச்சா காயம் பிரியும்."

"மாட்டிக்கிட்டா என்னை உயிரோட விட்டுடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ராணுவச் சாவடிக்குக் கீழே ஓடைவழியாகப் போகும் என்று நான் நம்பியிருந்த கழுதை, நேராக மேடேறிச் சாவடி வாசலில் போய் நின்றது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தியிருப்பேன், முஷ்டியைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு சிப்பாய் வெளியே வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பயல். மூட்டையைத் தடவினான். கம்பளியை விலக்கினான். சாலாரின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பொட்டலம் டீத்தூளை எடுத்துக் கோட்டுக்குள் செருகி, கம்பளியை இழுத்து மூடினான். வலது கையைத் தூக்கினான்.

உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். சத்தியப்படி சாலாரைத்தான் சுட்டிருக்க வேண்டும். விரல் வரவில்லை. சிப்பாயைச் சுட்டேன். விழுந்தான்.

கழுதை ஓடும் என்று நம்பினேன். அது அசையவே இல்லை. "போ! போய்த் தொலையேன், சனியனே!" என்று சரிவிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளிருந்து இயந்திரத் துப்பாக்கி பொழிய ஆரம்பித்த பிறகும் அது அங்கேயே நின்றது. சாலார் அதன் முதுகிலேயே செத்தான்.

மறுநாள் ரஸூலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் எடுத்துக்கிட்டு முதுகுல தட்டிவிடுவான்யா. தட்டினாத்தான் அது நகரும். உன் சிநேகிதனைப் பார்த்துட்டும் மூடிவிட்டிருக்கான். தட்டத்தான்யா கையைத் தூக்கியிருக்கான்!"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அதும்பாட்டுக்கு விடுன்னு சொன்னேனே தம்பி. சுடாதேன்னு தனியா வேற சொல்லணுமா?"

இருநூறு அடி தூரத்திலிருந்து ஒரே குண்டில் எதிரியை வீழ்த்தியவன் என்று அடுத்த மாதம் என்னைக் குழுத் தலைவனாக்கினார்கள். பாவி நான், வேண்டாம் என்று சொல்லவில்லை.