வாலிலிருந்து கீறிய மீன்

“பொய் சொல்லாத றுக்கியா. படத்தில இருக்கிறது உன்ட வெட்டு. இந்தக் கரையில வாலில இருந்து கத்தி போடுற ஆள் வேற ஆரு?”

“என்ட முகம் இருக்கா அதில, ஜெமீல் காக்கா?”

“முகம் என்னத்துக்கு? மீனே சொல்லுதே.”

ஐஸ் இறக்கப் போன நான், மீன் வெட்டிக் காயவைக்கும் கொட்டிலான கருவாட்டு வாடிக்கு வெளியே நின்று கேட்டதும் பார்த்ததும் இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வாடியும் படகும் ஜெமீலுடையவை. அவருடைய படகு வெடி போட்டு மீன் பிடிப்பது கரைக்கே தெரியும். அப்படிச் செத்த மீனைப் பிளந்தால் நடுமுள்ளு நொறுங்கி இரத்தம் கட்டியிருக்கும். வெட்டுகிற றுக்கியாவின் கண்ணில்தான் அது முதலில் படும்.

போன வருடம் றுக்கியா மீன்பிடி அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொன்னார். சொன்னது யார் என்று மத்தியானத்துக்குள் ஜெமீலின் காதுக்குப் போய்விட்டது. றுக்கியாவுக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. இந்த முறை டோர் என்கிற உலாவியைப் போனில் போட்டு, ஒரு பத்திரிகைக்குப் படம் அனுப்பினார். முன்பின் தெரியாத பலருடைய கணினிகளைச் சுற்றிப் போவதால், எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்கும் தெரியாது. படம் வெளிவந்தது, படகைச் சோதித்தார்கள், வெடி அகப்பட்டது. கெட்டவர்களும் அந்த வழியைப் பாவிக்கிறார்கள்தான். ஆனால் ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு மனுசி தானே தேடிப் படித்து இதைச் செய்திருக்கிறார். எனக்கு மரியாதைதான் வருகிறது.

தான் இடக்கைக்காரி, அதனால் வாலிலிருந்து வெட்டுவது படத்தில் தெரியும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

“நாளையில இருந்து நீ வரத் தேவையில்ல,” என்றார் ஜெமீல்.

பக்கத்தில் இருந்து மீன் வெட்டிய, சல்லி என்ற ஊர்த் தயாளினி கத்தியை இடக்கைக்கு மாற்றி, ஒரு பாரை மீனை வாலிலிருந்து கோணல்மாணலாகக் கீறினார்.

“இதுவும் அந்த வெட்டுத்தானே, முதலாளி. என்னையும் நிப்பாட்டுங்கோ.”

மீன் வெட்டுகிற மற்ற ஐந்து பெண்களும் கையை மாற்றினார்கள்.

“விரல வெட்டிப்போடாதீங்கடி,” என்றார் றுக்கியா.

ஏழு பேரையும் நிறுத்தினால் அன்றைய மீன் நாறிவிடும். ஜெமீல் யாரையும் நிறுத்தாமல் போய்விட்டார்.

“அந்த உலாவியும் இப்பிடித்தான்,” என்று றுக்கியா பிறகு என்னிடம் சொன்னார். “ஒராள் மட்டும் பாவிச்சா ஆரெண்டு தெரிஞ்சிரும். கன பேர் பாவிச்சாத்தான் ஒளிய ஏலும்.”

பிடிபட்ட பிறகும் வெடி இன்னும் நிற்கவில்லை. வாடியில் யாரோ மறுபடியும் படம் அனுப்பப் போகிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கையோ வெட்டோ தெரியாமல் நொறுங்கிய முள்ளை மட்டும் எப்படிப் படம் எடுப்பது? படத்தோடு வேறு என்ன விபரம் ஒட்டிக்கொண்டு போகும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.