பதிவு எண்

டாக்டரின் அலுவலகச் சுவரில் இருபத்துமூன்று சட்டங்கள் தொங்கின. காத்திருந்த நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். ரத்த தானம் செய்ததற்கு நன்றி. இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்குச் சான்று. 'ஆண்டின் ஒளிரும் தொழில்முனைவர்' விருது. எந்த ஆண்டு என்று போடவில்லை. நடுவில், மற்றவற்றைவிடப் பெரிய தங்க நிறச் சட்டத்துக்குள் ஒரு தரச் சான்றிதழ். எதற்காகக் கொடுத்தது என்று அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது: எழுதுபொருள் கொள்முதலும் விநியோகமும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என்றால் அக்காவின் கணவர்.

"பாத்தியா? மனுஷன் எவ்வளவு படிச்சிருக்காரு!"

"அது பேனா பென்சில் வித்ததுக்குக் குடுத்தது மாமா."

"ஷ்ஷ். வர்றாரு."

டாக்டர் வைத்தியம் படித்தவர் அல்ல. ஆராய்ச்சி செய்தவரும் அல்ல. ஒரு ஹோட்டல் கூடத்தில் ஒரே மாலையில் அறுபது பேருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது அவரும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். அந்தப் புகைப்படமும் சுவரில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு அங்கி. இவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.

மாமா பதினைந்து வருடமாக ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறார். இரும்புக் குழாயை வளைப்பதிலும் பற்றவைப்பதிலும் அவரை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குச் சூடேற்றும் படுக்கை பத்து செய்து தர முடியுமா என்று கேட்டார். படுக்கை மாமாவுக்குத் தெரியும். சூடும் கரண்டும் தெரியாது. அந்தப் பாதிக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. டாக்டர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்துகிறவர். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு அவருடைய பட்டறையில் கடிதம் எழுதி ஃபைல் கட்டிக்கொண்டிருந்த என்னை, 'எங்க டெக்னிக்கல்' என்று சொல்லி அழைத்துப் போயிருந்தார்.

டாக்டர் கைகுலுக்கினார். உட்கார்ந்தார். நாற்காலி அவரோடு சேர்ந்து பெருமூச்சு விட்டது.

"உங்ககிட்ட பதிவு பண்ண இன்ஜினியர் யாராவது இருக்காங்களா சார்? ஆஸ்பத்திரியில கேட்டாங்க" என்றார் மாமா, தப்பாக எதையோ கேட்டுவிட்டவர்போல.

டாக்டர் சிரித்தார். "பதிவு, லைசென்ஸ், இதெல்லாம் அனுபவம் இல்லாதவன் காட்டறது சார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

சொன்னவரின் தலைக்குப் பின்னால் இருபத்துமூன்று ஏடுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"கரெக்ட் சார்" என்றார் மாமா.

"மேடத்துக்கு ஏதாவது டவுட்?"

எனக்கு மூன்று இருந்தன. சர்க்யூட்டை யார் வரைவார்கள்? இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் உங்கள் கருவி ஓடுகிறது? யார் சோதிப்பார்கள்?

"அவளுக்கு என்ன டவுட்டு, சரியான ஊமைக்கோட்டான் சார்" என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். கேள்விகள் மூன்றும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தன.

நான்கு மாதம் கழித்து டாக்டர் கம்பெனியிலிருந்து பத்து சர்க்யூட் போர்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 'சோதிக்கப்பட்டது, சரி' என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர். சோதித்தது யார் என்று ஸ்டிக்கருக்குத் தெரியாது. பட்டறை ஆட்கள் பத்தையும் படுக்கைகளின் அடியில் பொருத்தினார்கள். படுக்கைகள் சூடாயின. மாமா கையை வைத்துப் பார்த்து, "அம்மா மடி மாதிரி இருக்கு" என்றார். அக்கா பார்க்க வந்து, "நீங்க ஏறிப் படுக்காம இருந்தா சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒரே பக்கம். பாதுகாப்பு உறுதிமொழி. இந்தக் கருவியால் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் கீழே கையெழுத்திடும் நானே பொறுப்பு. அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: பெயர், கையெழுத்து, பதிவு எண்.

திங்கட்கிழமைக்கு வேன் சொல்லிவைத்திருந்தோம். இந்தத் தாள் போனால்தான் படுக்கைகள் போகும். மாமா தாளை என் மேஜையில் வைத்தார்.

"போட்டுடும்மா."

"நானா?"

"நீதானே டெக்னிக்கல்."

"பதிவு எண் கேக்கறாங்க மாமா. எனக்கு எது?"

"உன் டிகிரி ரோல் நம்பர் இருக்குல்ல, அதப் போடு. நம்பர்தானே கேக்கறான், நட்சத்திரமா கேக்கறான்?"

என்னிடமும் ஒரு தாள் உண்டு. ஒளி எப்படி வளைகிறது என்று நான் பரீட்சையில் சரியாக எழுதினேன் என்பதற்கு அது சாட்சி. ஒரு குழந்தைக்குக் கரண்ட் அடிக்காது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. ஆனால் மாமாவிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "பாத்துட்டுப் போடறேன்" என்றேன்.

பத்தாவது படுக்கையைக் கவிழ்த்து, நான்கு திருகுகளைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தேன். பச்சைப் பலகை. ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் கரண்ட். மறுபக்கம் குழந்தையின் வயிற்றில் ஒட்டும் வெப்ப உணரியின் கம்பி. இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில் உலோகமே இருக்கக்கூடாது. அது வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. குழந்தையைக் காப்பாற்றும் பொருள் இந்தப் போர்டில் அது ஒன்றுதான்.

அந்தச் சந்தில் ஒரு கழுகு பறந்துகொண்டிருந்தது.

டாக்டர் கம்பெனியின் சின்னம். செம்பில் வடித்து, தங்க நிற மெருகு பூசி, சிறகை இரண்டு பக்கமும் நன்றாக விரித்துவைத்திருந்தார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பிறகு பட்டறையிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து அளந்தேன். கழுகின் அகலம் ஆறரை மில்லிமீட்டர். இடது சிறகு நுனிக்கும் சுவர்க் கரண்டுக்கும் நடுவில் முக்கால். வலது சிறகு நுனிக்கும் குழந்தைக்கும் நடுவில் முக்கால். கரண்ட் சிறகுக்குத் தாவ, கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் தூசியும் போதும். மிச்ச தூரத்தைக் கழுகு பார்த்துக்கொள்ளும்.

மற்ற ஒன்பதையும் கழற்றினேன். ஒன்பது கழுகுகள்.

நான் சொன்னதைக் கேட்டு மாமா டாக்டருக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அது பிராண்டிங் சார். அங்க இடம் சும்மா காலியா இருந்துச்சு. காலி இடத்த வேஸ்ட் பண்ணலாமா?"

"பொண்ணு ஏதோ ஆபத்துங்கறாளே."

"நாலு மாசம் ராத்திரி பகலா பண்ணது சார். பயப்படறவங்கள வச்சுத் தொழில் பண்ண முடியாது. நாளைக்கு நானே வர்றேன்."

போனை வைத்துவிட்டு மாமா என்னைப் பார்த்தார். "அவரு டாக்டர்மா" என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. ஆனாலும் தாள் என் மேஜையில்தான் இருந்தது.

சனிக்கிழமை டாக்டர் கோட்டு சூட்டோடு வந்தார். ஒரு பூங்கொத்து. கூடவே ஒரு புகைப்படக்காரர். படுக்கைகளை ஒப்படைக்கும் வைபவத்தைப் படம் எடுத்து அலுவலகத்தில் மாட்டுவதாகத் திட்டம். கழற்றிவைத்த பத்து போர்டுகளையும் தாண்டிப் போய், படுக்கையின் விளிம்பில் கைவைத்து, தூரத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டவர்போல நின்றார். புகைப்படக்காரர் நாலைந்து எடுத்தார். பிறகு என் மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார்.

"சார், கையெழுத்துப் போடற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாமா? கெத்தா இருக்கும்."

டாக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தை நேராக்கினார். பையிலிருந்து ஒரு தடித்த பேனாவை எடுத்து, கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். பேனாவில் மூடி அப்படியே இருந்தது.

"மூடியைக் கழட்டிட்டுப் போடுங்க டாக்டர்" என்றேன்.

என் குரல்தான். பட்டறையில் யாரோ சுத்தியலை நிறுத்தினார்கள்.

"என்னம்மா?"

"கீழ பதிவு எண்ணும் போடணும்."

அவர் தாளைப் படித்தார். வந்ததிலிருந்து அவர் படித்த முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். 'நானே பொறுப்பு' என்ற இடம் வந்ததும் பேனா சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"இதெல்லாம் கீழ இருக்கறவங்க போடறதும்மா. நான் கான்செப்ட் லெவல்."

"சரி சார், நம்பர் இருக்கற ஆள் ஒருத்தர அனுப்புங்க" என்றார் மாமா.

"இப்போதைக்கு எல்லாரும் டிரெயினிங்ல இருக்கற பசங்க..."

"அப்ப இத வரைஞ்சது யாரு?"

"இப்பல்லாம் சாஃப்ட்வேரே வரைஞ்சிடும் சார்."

மாமா கைத்துண்டால் மேஜையைத் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை.

"சார், நான் வெல்டர். என் வெல்டிங் சர்டிபிகேட்ட ஒரு தடவ பிடுங்கிட்டான். சோதனைக்குப் போட்டுக் காட்டினதுல ரெண்டு ஜாயிண்ட் விட்டுப்போச்சு. மூணு மாசம் வெல்டிங் டார்ச்சத் தொடக்கூடாதுன்னுட்டான். அழுதேன். திரும்பப் போயி எழுதி, பத்தவச்சுக் காட்டி வாங்கினேன்." துண்டைத் தோளில் போட்டார். "உங்க சுவத்துல அவ்ளோ மாட்டியிருக்கீங்களே, அதுல எதையாவது யாராவது உங்ககிட்டருந்து பிடுங்க முடியுமா?"

"அதெல்லாம் மரியாதைக்காகக் குடுத்தது சார். எப்படிப் பிடுங்குவாங்க?"

"அதான் கேட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. கௌரவம், நட்பு, நன்றி கெட்ட உலகம் என்று வரிசையாகச் சொன்னார். படித்த பெண்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்றும் சொன்னார். பூங்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். புகைப்படக்காரர் மட்டும் வாசலில் நின்று, "நான் எடுத்ததெல்லாம் வேணுமா வேணாமா?" என்று கேட்டார்.

மாமா படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "போடாத" என்றார்.

"போடறதா இல்ல மாமா."

"தெரியும். சும்மா நானும் சொன்னதா இருக்கட்டும்."

பிறகு தலைமை நர்ஸுக்கு போன் செய்தார். வேன் தாமதம், பெயின்ட் காயவில்லை என்று இரண்டு பொய்களைத் தொடங்கி இரண்டையும் முடிக்காமல் போனை என் கையில் திணித்தார்.

நான் எட்டு மில்லிமீட்டரைப் பற்றிச் சொன்னேன். கழுகைப் பற்றிச் சொன்னேன். நர்ஸுக்குப் பின்னால் ஒரு குழந்தை பூனைக்குட்டிபோல அழுதுகொண்டிருந்தது.

"அப்ப திங்கட்கிழமை வராது."

"வராதுங்க."

"எப்ப வரும்?"

"தெரியலைங்க. முதல்லருந்து செய்யணும்."

"இங்க ஒரு படுக்கையில ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன். ஒண்ணுக்கு எட்டு நாள். ஒண்ணு நேத்து பொறந்துச்சு. உங்க பத்தும் வரும்னுதான் வச்சேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஏம்மா, அந்த எட்டு மில்லிமீட்டர மொதல்லயே விடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூடவா உங்களுக்குக் கிடைக்கல?"

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சமாளித்துச் சொல்லேன் என்று அவர் கண் கெஞ்சியது.

"நாங்க தேடவே இல்லைங்க" என்றேன்.