கூறைப் புடவை என்ன நிறம்?

1

இந்தக் கதை ஓர் அலறலில் பிறந்தது. மலேசியாவின் ரெம்பியாவில் ஜானகி போட்ட அலறல் மாநிலத்தின் மறுகோடியிலுள்ள சுங்கை ரம்பாய் வரைக்கும் கேட்டது. (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ரிட்டையரானவனுக்கு வேறென்ன வேலை?)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செம்பருத்தியைப் போலச் சிவந்த...’

வேண்டாம். செம்பருத்தியை நம்பி நான் கதை எழுத முடியாது. காரணம் பிறகு.

2

ஜானகியின் மகன் புவனேஷுக்குக் கல்யாணம். மணப்பெண் தாரணி கேட்டது சிவப்புக் கூறை. எடுத்துக் கொடுப்பது தாய்மாமன் உரிமை என்று ஜானகியின் தம்பி தம்புசாமி மருமகனோடு மலாக்கா டவுனுக்குக் கிளம்பினார். கடையில் இருவரும் இறக்கிப் போட்ட புடவைகளின் மேல் ஏறி நின்றால் கடல் தெரிந்திருக்கும்.

“செவப்புதானே மாமா?”

“ரத்தச் செவப்புடா!”

கடைப்பெண் வாயைத் திறப்பதற்குள், “நாங்க பாத்துட்டோம்லா, கட்டும்மா!”

வீட்டில் பிரித்தால் பச்சை. வாழையிலைப் பச்சை. அலறல் அப்போதுதான்.

3

(இங்கே புவனேஷை அழவைத்து எழுதி, அடித்துவிட்டேன். அவன் அழவில்லை.) வியர்த்தான். தனக்கு நிறம் பிடிபடாது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இனி தாரணி தன்னைக் கட்டிக்கொள்வாளா?

பாச்சாங்கில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தாரணி, செய்தி கேட்டு வந்து புடவையைப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு அப்பவே தெரியும், அத்தை. எங்க கடையில கலர் புள்ளி புக்கை நீட்டுனேன், ஒரு நம்பர்கூட இவருக்குத் தெரியலை. அதான் மாமாவைக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். மாமாவும் அதே கேஸா!”

“எப்படிம்மா ரெண்டு பேருக்கும்?” என்றாள் ஜானகி.

“ஆம்பளைக்கு ஒரே எக்ஸ் குரோமோசோம், அது அம்மா குடுக்கிறது. நமக்கு ரெண்டு. ஒண்ணு கோளாறுன்னாலும் மத்தது சமாளிச்சுடும். உங்கம்மா மாமாவுக்கும் குடுத்தாங்க, உங்களுக்கும் குடுத்தாங்க. உங்ககிட்ட அது ஒளிஞ்சுக்கிச்சு. நீங்க இவர்கிட்ட இறக்கி வச்சிட்டீங்க.”

தம்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியாக்கா! தாய்மாமன் சீரு!”

“கூடப் பொறந்ததும் இப்படி, வயித்துல பொறந்ததும் இப்படி!” ஜானகி தலையணையை வீசினாள்.

“மாத்திட்டு வரவா?” என்றான் புவனேஷ், மெதுவாக.

“இருங்க, யோசிக்கிறேன். நமக்குப் பொண்ணு பொறந்தா அவளும் ஒளிச்சு வச்சிருப்பா. பேரன் சேலை எடுக்கப் போறப்ப மட்டும் நான் கூடப் போறேன்.”

4

முடிவு அ: தாரணியே கடைக்குப் போய்ச் சிவப்பாக மாற்றி வந்தாள்.

முடிவு ஆ: “இவர் கண்ணுக்கு இது செவப்புன்னா எனக்கும் செவப்பு” என்று பச்சையிலேயே மேடை ஏறினாள்.

எது நடந்தது? முன்வரிசையில்தான் இருந்தேன். தாலி கட்டி முடித்ததும் புவனேஷ் என் பக்கம் குனிந்து, “என்ன கலர் மாமா?” என்றான். “ரத்தச் செவப்புடா!” என்றேன்.

(ஆமாம், தம்புசாமி நான்தான்.)

கடைசி வரியை மட்டும் நீங்கள் முடித்துக்கொடுங்கள்:

மணமேடையில் தாரணி ............ புடவையில் ஜொலித்தாள்.