புதன்கிழமை நடவு

மானுடப் பண்பாட்டு வரலாற்றின் மாபெரும் திருப்புமுனை 1972 புரட்டாசியில், கீழ்வேளூருக்குத் தெற்கே மூன்று மைலில், பண்ணையார் அமிர்தலிங்கத்தின் ஆறு மா வயலில் நிகழ்ந்தது. நான் சொல்லவில்லை, வரப்பில் நின்று பேராசிரியர் பஞ்சநதம் சொன்னார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பருவம் இங்கே படிக்க வந்திருந்த பதினாலு பேருக்கும் அவர்தான் பொறுப்பு. திங்கள் தாராசுரம் சிற்பம், செவ்வாய் வீணை, புதன் நடவு. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

"சேற்றில் செங்கால் பதிக்கும் சிறப்பே செந்தமிழரின் சீர்மை" என்றார். மேடைக்கு மேடை அமைச்சர்கள் அப்படிப் பேசிய காலம். அவர் மட்டும் வரப்பைவிட்டு இறங்கவில்லை. செருப்பு புதுசு.

பாடத்திட்டத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டு, பன்னிரண்டு நாளாக அந்த ஊரில் யாரும் வயலில் இறங்கவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் போனால் கணு விட்டுவிடும். பிறகு நட்டும் பிரயோசனமில்லை. அதற்குள் அமிர்தலிங்கம் வழிக்கு வந்தாக வேண்டும். சங்கத் தலைவன் வீரையனை நாகப்பட்டினம் சப்-ஜெயிலில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போன மனைவி ராசம்மாளிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் நம்மாளு யாரும் கால் வைக்காமப் பாத்துக்க. நீ இருக்கேன்னுதான் தூங்குறேன்."

வெளியூர் ஆள் வந்தால் மறிப்பதென்று முடிவு. வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கிக் கும்பிட்டால் என்ன செய்வதென்று தீர்மானம் எதுவும் இல்லை. ராசம்மாளும் நடவுப் பெண்களும் எதிர் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"யக்கா, அந்தச் செம்பட்டை முடிக்காரி நாத்து நடுறாளா, பொணம் பொதைக்கிறாளா?" என்றாள் அம்சம்.

"பேசாம இருடி. இன்னிக்கு நட்டது நாளைக்கு மிதக்கும். நமக்கு அதான் வேணும்."

செம்பட்டை முடிக்காரியின் பெயர் ஜூடி. கைநிறைய நாற்றை அள்ளி முழங்கை ஆழத்துக்கு அமுக்கினாள். ராசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பவும் பார்த்தாள். ஜூடி அடுத்த கொத்தைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, ரெண்டு விரல்ல புடி."

ஜூடிக்குப் புரியவில்லை, சிரித்தாள். ராசம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு குத்து நட்டுக் காட்டிவிட்டு ஏறிவிடத்தான் இறங்கினாள். எட்டு வயதிலிருந்து நட்ட கை. ஒரு குத்து நாலு குத்தாகி, ஒரு வரிசையாயிற்று. பின்னால் சளக்சளக்கென்று சத்தம். தலைவர் சம்சாரமே இறங்கியாச்சு என்று அம்சமும் மற்றவர்களும் இறங்கியிருந்தார்கள். தொட்ட வயலைப் பாதியில் விட்டுக் கரையேறும் பழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது.

குடைக்குக் கீழே அமிர்தலிங்கம் சொன்னார்: "ஆகட்டும், ஆகட்டும். சாயங்காலம் பழைய கூலியை அளக்கச் சொல்றேன்."

"பண்பாட்டுச் சங்கமம்" என்று பஞ்சநதம் புகைப்படம் எடுத்தார்.

சனிக்கிழமை வீரையன் வந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கி வயல் வழியாகவே நடந்து வந்திருந்தான்.

"வெள்ளைக்காரங்க நட்டாங்கன்னு சொன்னாங்க."

"ஆமா."

"வடக்கு ஓரம் உன் கை."

அவள் சோற்றைப் போட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

திட்டுவான் என்று காத்திருந்தாள். அடித்தாலும் தேவலை என்றிருந்தது. அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் சங்கம் போராட்டத்தை வாபஸ் வாங்கியது. கூலி ஏறவில்லை.